ஊசித் துளைகள்

வெள்ளி, இரவு

அண்ணன் மகன் செய்யும் அலைச்சறுக்குப் பலகையில் மேல்பூச்சு இறுகிவிட்டது. இடது ஓரம் நெடுக ஊசிமுனையளவு துளைகள். காலை பத்து மணிக்கு எப்பாக்ஸி ஊற்றியிருக்கிறான். தகரக் கூரை, கோவளத்து வெயில். பலகையின் உள்ளே இருப்பதோ தெர்மாகோல். சூடு ஏற ஏற அதன் மணிகளுக்கு இடையில் உள்ள காற்று விரிந்து ரெசினைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், தோசைக்கல்லில் மாவு கண் திறப்பதுபோல. சாயங்காலம் சூடு இறங்கும்போது ஊற்றியிருந்தால், சுருங்கும் காற்றே ரெசினை உள்ளே இழுத்திருக்கும்.

“வீடியோவுல யாரும் நேரம் சொல்லலையே சித்தப்பா.”

சொல்ல மாட்டார்கள். வீடியோவில் வியர்வையும் தெரியாது.

சனி

பகல் வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பெயின்டர்கள் ‘ஃபிஷ் ஐ’ என்பார்களே, அந்தக் குழிகள். பூச்சு வட்டமாக விலகி, நடுவில் கண்ணாடி நார்த் துணி எட்டிப் பார்க்கிறது. முதல் சந்தேகம் கடற்காற்றின் மேல். ஈரக்காற்றில் இறுகும் எப்பாக்ஸியில், ஹார்டனரின் அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் கலந்து, மேலே பிசுக்குப் படலமாகப் படியும். அடுத்த பூச்சு அதன்மேல் நிற்காது. நல்லவேளையாக அது தண்ணீருக்கே போய்விடும். பாத்திரம் தேய்க்கும் நார், தண்ணீர், பழைய துணி போதும். ஆனால் கழுவிய பிறகுதான் உப்புத்தாள். முதலில் தேய்த்தால் பிசுக்கு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது சந்தேகம் அவன் தலையில் மினுங்கும் தேங்காய் எண்ணெய் மேல். தலையைக் கோதிய கையாலேயே பலகையைத் தடவிப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு. கையுறை வாங்கி வரச் சொன்னேன்.

ஞாயிறு

படகுகளுக்கு பைபர் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். “இதுக்கா இவ்ளோ அல்லாடுற? நம்ம ரெசின் ஒரு கோட்டு அடி, கல்லாயிடும்.” அவருடையது பாலியஸ்டர் ரெசின். வெட்டிப் போட்ட தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். அதிலுள்ள ஸ்டைரீன் பட்ட இடம் கரைந்து குழிந்தது.

“அதான் மேல துணி மூடியிருக்கே?”

“துளை வழியா இறங்குமே அண்ணே.”

சரி, ஹார்டனரையாவது கூட்டு என்றார். பாலியஸ்டரில் ஓரளவு கூட்டலாம், குறைக்கலாம். எப்பாக்ஸி அப்படி இல்லை. எங்கள் டப்பாவில் அளவு இரண்டுக்கு ஒன்று. ஹார்டனர் கூடினால் அது வேகமாக இறுகாது, கடைசிவரை முழுசாக இறுகாமலே போகும்.

அவர் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அச்சில் படகு செய்யும்போது ஜெல்கோட்டைத்தான் முதலில் பூசுகிறார்கள். அதன்மேல் கண்ணாடி நார் மேட், ரெசின் என்று உள்பக்கமாக வளரும். அச்சு வழவழப்பாக இருந்தால் படகின் வெளிப்பக்கமும் வழவழப்பாக வரும், மேடு பள்ளமெல்லாம் உள்ளே போய்விடும். எங்கள் பலகைக்கு அச்சு கிடையாது. நடுவிலிருந்து வெளியே வளர்கிறது. தெர்மாகோலைச் செதுக்கியதில் வந்த பள்ளம், துணி மடிப்பு, ரெசின் வழிசல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கடைசித் தோலில் வந்து நிற்கின்றன. அதற்காக மேலே மேலே பூசி மறைக்கவும் முடியாது. ஒவ்வொரு பூச்சும் எடை.

ஆகவே ஒரே கேள்விதான்: தண்ணீர் புகுமா, புகாதா? ஊசித் துளை புகவிடும். தெர்மாகோல் மணிகளுக்கு நடுவே போன தண்ணீர் லேசில் வெளியே வராது. வழிசல் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். அதற்கு ஒரு தேய்ப்பு போதும்.

செவ்வாய்

நேற்று வெயில் தாழ்ந்ததும் துளைகளில் கொஞ்சமாக ரெசின் விட்டு, பழைய ஏடிஎம் அட்டையால் அழுத்தி வழித்தோம். இன்று பென்சிலால் மேற்பரப்பெங்கும் கிறுக்கிவிட்டு 120 உப்புத்தாள் போட்டோம். தேய்த்த பிறகும் கிறுக்கல் மிஞ்சும் இடம் பள்ளம்.

சமதளத்தில் தேய்ப்பு மெஷின் நன்றாகவே ஓடியது. ஓர வளைவில் மொத்த அழுத்தமும் ஒரு கோட்டில் விழுந்து, கணநேரத்தில் துணியின் நெசவைத் திறந்துவிட்டது. இது தண்ணீர் புகும் வகை. சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, நான்கு அவுன்ஸ் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினோம். இனி ஓரங்களுக்குக் கைதான்.

வியாழன்

தண்ணீர் தொட்டு 400 வாட்டர் பேப்பர், பிறகு 600. அவனுக்குக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வேண்டுமாம். பளபளப்பு சின்ன நெளிவைக்கூடக் காட்டிக்கொடுக்கும் என்றேன். தவிர, மேல்பக்கம் முழுக்கக் கால் வழுக்காமலிருக்க மெழுகு தேய்க்கப் போகிறான். அங்கே பளபளப்பு யாருக்கு? அடிப்பக்கத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டேன்.

நாளையே கடலில் இறக்கலாமா என்று கேட்கிறான். கைக்கு இறுகியதாகத் தெரிந்தாலும் எப்பாக்ஸி முழு பலம் பெற ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பலகை நிழலில்தான் இருக்கும் என்று சொல்லி, பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டேன்.