பார்க்கிற தண்ணீர்

திண்டுக்கல்லில் சித்திரை, வைகாசி மாதங்களில் மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் திருப்பித் தருகிறது. வாங்கிய கடனை அவ்வளவு ஒழுங்காகத் திருப்பித் தருகிறவர் ஊரில் வேறு ஒருவரும் இல்லை. ஆகவே, கையில் நாலு காசு சேர்த்தவர்கள் கொடைக்கானலில் ஏரி தெரிகிற வீடாகப் பார்த்துப் பத்து நாளைக்கு வாடகை பேசிக்கொள்கிறார்கள். ஒரு வருஷம் நாங்களும் பேசினோம்.

'ஏரி தெரியும்' என்பதற்குத் தரகர் பாஷையில் பல அர்த்தங்கள் உண்டு. வாசலிலிருந்து தெரிந்தால் ஒரு வாடகை. மாடி ஜன்னலிலிருந்து தெரிந்தால் வேறு வாடகை. எதிரே நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள் விழுந்தால் தெரியும் என்பது மூன்றாவது ரகம். எங்களுக்கு வாய்த்தது குளியலறை ஜன்னல் வழியாக ஒரு முழ ஏரி. அந்த ஒரு முழத்தைப் பார்க்க வீட்டில் முறை போட்டுக்கொண்டோம்.

அது இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. பாதிரிமார்கள் 1845-லேயே அங்கே வந்து வீடு கட்டிவிட்டார்கள். மோட்டார் ரோடு இல்லாத அந்தக் காலத்தில் துரைமார்களை டோலியில் வைத்து மலையேற்றினார்கள். பிறகு 1863-ல், மதுரையில் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் ஓடைநீரைக் கரை போட்டுத் தேக்கினார். ஓடையை மறித்துக் கரை போட்டால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் குளம். மதுரைப் பக்கம் போனால் கண்மாய். கலெக்டர் என்ற உத்தியோகம் ஏற்படுவதற்கு வெகு காலம் முன்பே நம்மவர்கள் செய்துவந்த காரியந்தான்.

மூன்றாம் நாள் காலையில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வந்து, "ஐயா, இன்னிக்கு ஆளுக்கு ஒரு வாளிதாங்க. தண்ணி லாரி வரல்லே" என்றாள்.

"எதிரே இவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே, அம்மா!"

"அது பார்க்கிற தண்ணிங்க. எங்களுக்குக் குழாயிலே வந்தாத்தான் தண்ணி. சீஸன்லே அதுவும் வர்றதில்லே."

கூட்டத்துக்கு ஒரு கணக்கு வேண்டும் என்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டுமென்று உத்தரவிட்டது. அது அந்த அம்மாளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல? ஆள் வந்தாத் தண்ணி இல்லே, வராட்டிச் சோறு இல்லே" என்று சொல்லிவிட்டு, வாளியைக் கீழே வைத்தாள்.

இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது? நீதிபதிகளுக்கே சிரமமான வழக்கு. வாடகை கொடுத்தவன் குளிரைத்தான் வாங்கியிருக்கிறான். அவள் வீட்டுக் குடத்தையும் சேர்த்து வாங்கவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு வாளி என்று ஏற்பாடாயிற்று. மிஞ்சிய வாளிகள் பின்கட்டுக்குப் போயின. குளிர் தேசத்தில் குளிக்காமலிருப்பது பெரிய தியாகம் அல்லவென்று குழந்தைகள் உற்சாகமாகவே ஒப்புக்கொண்டார்கள்.

மலையிறங்கும் வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சி இருக்கிறது. ஏரியில் மிஞ்சி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது. கார்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் கீழே வந்து, வத்தலக்குண்டு தாண்டியதும், சாலையோரம் ஒரு குளம் வந்தது. கரை அழகாகத்தான் இருந்தது. உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்க்கிற தண்ணீர்கூட அதில் இல்லை.