நிமிடத்துக்கு 36

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் எனக்கொரு மரக்கறிக் கடை. விடியப்புறம் லொறி வந்து நின்றால் பத்து மணிவரை உட்கார நேரமிருக்காது. அப்படியொரு காலையில் பெரிய வெங்காய மூட்டையைத் தராசுப் பக்கம் நகர்த்தக் குனிந்தேன். நிமிரும்போது கண் இருண்டது. "முதலாளி, உக்காருங்க" என்று மூட்டை தூக்கும் பையன் தோளைத் தாங்கிப் பிடித்தான். உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மணிக்கட்டில் விரலை வைத்தேன். ஒரு துடிப்பு. அடுத்தது வருமா என்று நெஞ்சு தவித்த பிறகு இன்னொன்று. முள் ஒரு சுற்று முடிக்க 36 எண்ணினேன். எண்ணிவிட்டு எழுந்து வியாபாரத்தைப் பார்த்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. நான் செய்த பெரிய பிழை அதுதான்.

அதற்கு ஒன்பது நாள் முன்புதான் கண்டியில் மின்னதிர்ச்சி கொடுத்து என் இதயத் துடிப்பைச் சீராக்கியிருந்தார்கள். பல மாதமாக எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். நாடி 130, 140 என்று தாறுமாறாக ஓடும். அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் மின்னதிர்ச்சிக்கு முன் மூன்று கிழமை வார்பரின், பின்னும் குறைந்தது நான்கு கிழமை. 1962 இல் பொஸ்டனில் பேர்னாட் லவுன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய சிகிச்சை இது. கொஞ்ச நேரம் மயக்கி, துடிப்பின் சரியான கணத்தில் படும்படி அதிர்ச்சி கொடுப்பார்கள். கண் விழித்தபோது திரையில் 52, ஒரே சீர். அழுதுவிட்டேன்.

"தலை சுத்தினா, மயக்கம் வந்தா உடனே வாங்க" என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நானோ ஓட்டம் நின்ற சந்தோஷத்தில், மெதுவாக அடித்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கண்டிக்குப் போகச் சொல்வார்களே, வெங்காய சீசனில் கடையை யார் பார்ப்பது என்ற கணக்கும் உள்ளே ஓடியது. மூன்றாம் நாள் கிணற்றடியில் விழுந்தேன். "என்னங்க, என்னங்க" என்று மனைவி கத்தியது தூரத்தில் கேட்டது. 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து ஏற்றியதும் அவள்தான். வீட்டிலிருந்த குளிசைகளையெல்லாம் ஒரு ஷொப்பிங் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

அந்தப் பைதான் என்னைக் காப்பாற்றியது. டொக்டர் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டு அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வெள்ளைக் குளிசை, மற்றது இளஞ்சிவப்பு. கம்பெனி வேறு, பெயர் வேறு. உள்ளே இரண்டும் பிசோப்ரோலோல். முன்பு தனியார் கிளினிக்கில் வாங்கியதை ஒருவருக்கும் சொல்லாமல் நான் தொடர்ந்து போட்டிருந்தேன். அதோடு கண்டியில் கொடுத்த அமியோடரோன், அதுவும் துடிப்பைக் குறைப்பதுதான். நாடி 140 இல் ஓடியபோது அத்தனை பிரேக்கும் வெளியே தெரியவில்லை.

அவர் விளக்கியது இப்படி. துடிப்பைத் தொடங்கி வைப்பது வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு. மேலறை நடுங்கிய மாதங்களில் அதற்கு வேலையே இல்லை. மின்னதிர்ச்சி நடுக்கத்தை நிறுத்தியதும் அது தனியாகப் பொறுப்பேற்க வேண்டும். சிலருக்கு அது சோம்பித்தான் எழும்பும். சிலருக்குக் கணுவே பழுதாகியிருக்கும், அவர்களுக்கு பேஸ்மேக்கர் தேவைப்படலாம். எனக்குத் தேவைப்படவில்லை. வேகம் குறைக்கும் குளிசைகளை நிறுத்தி மொனிட்டரில் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் 58. அமியோடரோன் உடம்பை விட்டுப் போகப் பல கிழமை எடுக்கும் என்பதால் அதன் பிறகும் ஈ.சி.ஜி. எடுக்கப் போய்வந்தேன். துடிப்பு சரியாகிவிட்டதே, வார்பரினை விடலாமா என்று கேட்டதற்குக் கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், தினமும் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோங்கள். நாடி மிகவும் குறைந்து தலையும் சுற்றினால் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள், உடனே 1990க்கு அழையுங்கள்.