ஸ்கிரீன் எங்கே கட்டியிருக்கிறது?

கடலூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். நடுராத்திரியில் மைக் செட் சத்தம் இறங்கினால் கூட்டம் செட்காரரைத் திட்டும். அவர் ‘லோ வோல்டேஜ்’ என்று கரண்டைத் திட்டுவார். வால்வு ஆம்ப்ளிபையர் காலத்தில் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த உண்மை வால்வின் வெற்றிடக் கண்ணாடிக்குள்ளே ஸ்கிரீன் கிரிட் என்ற மெல்லிய கம்பிச் சுருளில் இருந்தது.

சிதம்பரத்துக்காரர்களிடம் வெற்றிடம், திரை என்று சேர்த்துச் சொன்னால் நேரே ரகசியத்துக்குப் போய்விடுவார்கள். இந்தத் திரை எதையும் மறைப்பதில்லை. தடுப்பதுதான் இதன் வேலை. நடுவே சூடான கேத்தோடு, அதைச் சுற்றிச் சிக்னல் வாங்கும் கன்ட்ரோல் கிரிட், வெளியே எலெக்ட்ரானைப் பிடிக்கும் பிளேட். இவை மட்டும் இருந்த டிரையோடில் பிளேட்டின் வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் கரண்டும் அதன் பின்னால் ஓடும். கன்ட்ரோல் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஸ்கிரீனை வைத்து மாறாத உயர் வோல்டேஜ் கொடுத்ததும் அந்தத் தலையீடு அடங்கியது. ஆனால் பிளேட்டில் மோதித் தெறித்த எலெக்ட்ரான்களை ஸ்கிரீன் இழுத்துக்கொண்டது. 1926இல் பிலிப்ஸின் டெலகன் இடையில் இன்னொரு கிரிட் போட்டு, அவற்றைப் பிளேட்டுக்கே திருப்பினார். அதுதான் பென்டோடு.

ஆக, பென்டோடில் கரண்டின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது ஸ்கிரீனின் வோல்டேஜ். ஊரில் மின்சாரம் தாழ்ந்தால் அதுவும் தாழும். கூத்துக்காரர் தொண்டை கிழியப் பாடினாலும் ஹார்ன் முனகும்.

ஸ்கிரீன் சும்மாவும் நிற்பதில்லை. இஎல்84 வால்வில் பிளேட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் 250 வோல்ட் கொடுத்தால் பிளேட்டில் 48 மில்லி ஆம்பியர் ஓடும், ஸ்கிரீன் 5.5 எடுத்துக்கொள்ளும். பிளேட் 12 வாட் சூடு தாங்கும். ஸ்கிரீன் தாங்குவது 2 வாட்தான். திருப்பாதிரிப்புலியூரில் எனக்குப் பழக்கமான செட்காரர் ஒருவர் ஸ்பீக்கர் லைன் கழன்றால் முதலில் வால்யூமைத்தான் குறைப்பார். “பிளேட்டப் பாக்காத தம்பி, ஸ்கிரீனப் பாரு. அதுதான் மொதல்ல செவக்கும்” என்பார். லோடு இல்லாமல் சிக்னல் மட்டும் போனால் பிளேட் வோல்டேஜ் அடிமட்டம்வரை சரியும்; அங்கே சேராத எலெக்ட்ரான்கள் ஸ்கிரீனில் விழும். அதன் வழியில் போடும் ஒரு சின்ன ரெசிஸ்டர் வால்வின் ஆயுளைக் கூட்டும்.

இதே ஸ்கிரீனைப் பிளேட்டோடு சேர்த்துக் கட்டினால் பென்டோடு மறுபடி டிரையோடு போல நடக்கும். கரகரப்பு குறையும்; ஆனால் இஎல்84 தரும் 5.7 வாட் ஏறக்குறைய 2 வாட்டாகச் சுருங்கும். 1951இல் ஹாப்லர், கெரோஸ் என்ற இருவர் ஸ்கிரீனை அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இடை டேப்பில் கட்டும் முறையைப் பரப்பினார்கள். அதில் ஸ்கிரீன் முழுக்க அசையாமலும் இருக்காது, பிளேட்டோடு முழுக்க ஆடவும் ஆடாது.

தெருக்கோடிவரை கேட்க வேண்டிய கூத்துக்கு ஸ்கிரீன் அசையக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து கேட்கும் நாதஸ்வரத்துக்குக் கொஞ்சம் அசைந்துகொடுக்கலாம். எந்தக் கம்பெனி வால்வு நல்லது என்று இப்போது கேட்பவர்களிடம், உன் செட்டில் ஸ்கிரீன் எங்கே கட்டியிருக்கிறது என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.