தண்ணிக் கணக்கு

தலைப்பைப் பார்த்து வேறு எதையோ எதிர்பார்த்து வந்த அன்பர்கள் மன்னிக்கவும். இது நிஜத் தண்ணீர். அதைக் குடிக்க மாட்டேன் என்று சாதித்த 71 வயதுக்காரர் ஒருவரின் கதை. சம்பந்தப்பட்டவர் என் அப்பா.

2023 ஜூலையில் துபாயில் இருக்கும் அக்காவுக்குப் பிரசவம். அம்மா போயே ஆகவேண்டும். அம்மா போனால் அப்பாவும் போவார். இருவரையும் விமானம் ஏற்றி இறக்கிக் கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டுமே? குடும்பம் ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தது.

"உனக்கென்னடா, ஆபீஸா, லீவா? எங்க உட்கார்ந்தாலும் எழுதலாம்."

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவனுக்குச் சொந்தபந்தம் தரும் மரியாதை இவ்வளவுதான்.

"ஜூலையிலயா? அங்க இருக்கறவனே ஊருக்கு ஓடி வர்ற மாசம் சார் அது" என்று என் நண்பன் எச்சரித்தான். அப்பா சிரித்தார். "நான் வேலூர்க்காரன்ப்பா. மே மாசம் 42 டிகிரியில சைக்கிள் மிதிச்சு போஸ்ட் ஆபீஸ் போனவன். 36 வருஷ சர்வீஸ்!"

வேலூர் வெயிலும் துபாய் வெயிலும் ஒன்றுதான் என்று நானும் நினைத்தேன். இல்லை. வேலூரில் வியர்வை உடனே காய்ந்துவிடும். காயும்போது உடம்பைக் குளிர்வித்துவிட்டுப் போகும். துபாய் என்னதான் பாலைவனமானாலும் கடலோரத்தில் இருக்கிறது. ஜூலையில் பகலில் 40 டிகிரி சர்வசாதாரணம். அதோடு காற்றில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஏசியிலிருந்து வெளியே காலை வைத்த மறு நொடி மூக்குக்கண்ணாடியில் பனி மூடிவிடும். வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வியர்வையால் உடம்புக்கு லாபமில்லை. (காமர்ஸ் பட்டதாரி, வேறு எப்படிச் சொல்வேன்?)

முதல் நாள் அப்பா பச்சைத்தண்ணீரில் குளிக்கப் போய், "அய்யோ" என்று அலறிக்கொண்டு வெளியே வந்தார். மொட்டைமாடித் தொட்டி நாளெல்லாம் வெயிலில் காய்ந்ததில் குழாயில் வெந்நீர்! அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, வித்தை சொல்லிக் கொடுத்தார். கோடையில் கீசரின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் கீசரில் தண்ணீர் ஆறியிருக்கும். ஆகவே குளிர்ந்த தண்ணீருக்கு வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். அப்பா இதை ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

மறுநாளிலிருந்து நாங்கள் அப்பாவைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தோம். "வெளியே போகாதீங்க", "ஏசியில உட்காருங்க", "டிவி பாருங்க". ஐந்தாவது நாளே அவர் நடை தளர்ந்துவிட்டது. தினமும் விடியற்காலையில் மூன்று கிலோமீட்டர் நடந்த மனிதர், சோபாவிலிருந்து எழுந்திருக்கக் கைப்பிடியைத் தேடினார். வெயிலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவரை இன்னும் கொஞ்சம் கிழவராக்கிக் கொண்டிருந்தோம்.

பத்தாவது நாள் காலை ஒன்பதரைக்கு நான் கண் விழித்தபோது (எழுத்தாளன் அல்லவா) அப்பாவைக் காணோம். செருப்பையும் காணோம்.

லிப்ட், வாசல், சூப்பர் மார்க்கெட், அடுத்த தெரு என்று ஓடினேன். நல்லவேளை, துபாயில் பல இடங்களில் பஸ் ஸ்டாப்புக்கே ஏசி உண்டு. கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும். அப்படி ஒன்றுக்குள் அப்பா உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு மலையாளி அவர் பனியனைத் தளர்த்தி, பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "காட்பாடி பஸ் போயிடுச்சாப்பா?"

சிரிப்பு வந்தது. அடுத்த நொடி வயிற்றைப் பிசைந்தது. அவர் ஜோக் அடிக்கவில்லை.

டாக்ஸி பிடித்து ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் முதலில் என்னைத்தான் திட்டினார். வெயிலில் போன பெரியவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, பேச்சு குழறினாலோ அது ஆபத்தின் மணி. டாக்ஸி தேடக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ் (அங்கே 998, நம் ஊரில் 108). வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், துணியை நனைத்துப் போர்த்தி விசிற வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஈரத் துணியும் சலைனும் ஏறியபின் மத்தியானம்வாக்கில் அப்பா காட்பாடியிலிருந்து துபாய் திரும்பினார்.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" என்றார் டாக்டர்.

"தாகம் எடுத்தா குடிப்பேன்."

"அதுதான் பிரச்னை. வயசானா தாகம் சரியா எடுக்காது. உடம்பு காஞ்சு கிடக்கும், மணி மட்டும் அடிக்காது." போதாக்குறைக்கு அப்பா சாப்பிடும் பிரஷர் மாத்திரை சிறுநீரை அதிகம் வெளியேற்றும் வகை. அதை மாற்றிக் கொடுத்து, இதயம், கிட்னி எல்லாம் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று எழுதியும் கொடுத்தார். (அந்தக் கணக்கு என் அப்பாவுக்கு. உங்கள் அப்பாவுக்கு அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்குத் தண்ணீர் நீட்டினோம். "குடிச்சேன்", "குடிக்கறேன்", "அப்புறம்". டம்ளர் நிறைந்தபடியே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், வாசலுக்குத் தண்ணீர் கேன் கொண்டுவரும் பையனிடம், "வெயில்ல வர்றியே, தண்ணி குடிச்சியாப்பா?" என்று தினமும் விசாரிப்பவர் இவர்தான்!

விஷயம் அன்று இரவு இரண்டு மணிக்குத்தான் பிடிபட்டது. விழித்துப் பார்த்தால் அப்பா கட்டிலில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா. பாத்ரூம் போகணும்."

"போங்களேன்."

"ஹால்ல மாப்பிள்ளை தூங்கறாரு."

அறையில் குழந்தை அழுகிறது, காலையில் ஆபீஸ் போக வேண்டும் என்பதால் மாமா ஹாலில் படுத்திருந்தார். பாத்ரூம் ஹாலைத் தாண்டி. வயதின் காரணமாக அப்பாவுக்கு ராத்திரி மூன்று நான்கு தடவை போயாக வேண்டும்.

"ஒவ்வொரு தடவையும் லைட்டைப் போட்டு, கதவு சத்தம், ஃப்ளஷ் சத்தம்... பாவம், உழைச்சுட்டு வந்து தூங்கற மனுஷன். நாம இருக்கறது பொண்ணு வீட்டுல. அதான் மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பத்து நாளாக அவரிடம் நூறு தடவை "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். "ஏன் குடிக்கலை?" என்று ஒரு தடவை கேட்கவில்லை. உயிரே போயிருக்கும், ஒரு ஃப்ளஷ் சத்தத்துக்குக் கூச்சப்பட்டு.

காலையில் மாமாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஆபீஸ் போனார். சாயங்காலம் வந்ததும் வராததுமாக அப்பாவிடம் போய் நின்றார்.

"மாமா, ஒரு உதவி. ஹால் ஏசி எனக்குச் சேரலை. இருமல் வருது. நான் உங்க ரூம்ல படுத்துக்கறேன். நீங்க கட்டிலோட ஹாலுக்கு வந்துடறீங்களா?" நம்பிக்கைக்காக இரண்டு தடவை இருமியும் காட்டினார். மோசமான நடிப்பு. ஆனால் அதற்கப்புறம் அப்பாவுக்கும் பாத்ரூமுக்கும் இடையில் நாலே அடி, ஒரு சின்ன ராத்திரி விளக்கு.

நான் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அப்பா அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இடப்பக்கம் வரவு: காலை 6.00, ஒரு டம்ளர். 7.30, மோர், உப்பில்லாமல். வலப்பக்கம் செலவு. ஆமாம், அதையும் நிறத்தோடு எழுதினார். "வெளிர் மஞ்சள், திருப்தி." "அடர் மஞ்சள், கவனிக்கவும்." 36 வருஷ சர்வீஸ் சும்மாவா?

நடைக்கும் வழி பிறந்தது. தினமும் காலையில் பக்கத்து மாலுக்குப் போவோம். கடைகள் திறந்திருக்காது, நடைபாதை திறந்திருக்கும். ஏசியில் நான்கு சுற்று. வரும்போது கறிவேப்பிலை, தயிர் வாங்கி வருவது அப்பாவின் பொறுப்பு. வேலை என்று ஒன்று கொடுத்ததும் நடையில் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 வரை கட்டாய ஓய்வு, சட்டமே இருக்கிறது. "அது வேலை செய்யறவங்களுக்கு. நான் பென்ஷனர்" என்றார் முதலில். கறிவேப்பிலை உத்தியோகம் கிடைத்தபிறகு, 12.30 அடித்ததும் "சட்டம்டா" என்று சொல்லிப் படுத்துவிடுவார்.

2025 ஆகஸ்ட்டில் துபாயில் பல பெரிய மால்களைக் காலை 7 முதல் 10 வரை நடப்பவர்களுக்காகவே ஒதுக்கி, அதற்கு 'மாலத்தான்' என்று பெயரும் வைத்தார்கள். வேலூருக்கு போன் செய்து சொன்னேன்.

"நான் 2023லயே ஆரம்பிச்சு வச்சுட்டேனே" என்றார் அப்பா.

"சரிப்பா, ராத்திரி எந்திரிச்சுப் போக லைட் இருக்கில்ல?"

"இருக்குடா."

"இன்னிக்கு வரவு?"

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.