அக்கா மகளின் பலகை

பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, சக்கரத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு சோல் கைக்கு வந்தால் முதலில் கட்டைவிரல்தான் போகும், மீட்டர் எல்லாம் அதற்கப்புறம்தான். அன்றைக்கு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதும் கை தானாக அங்கே போய்விட்டது.

அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஸ்கேட்போர்டு வேண்டும் என்று ஆறு மாதம் கேட்டாள். பிறந்தநாளுக்கு நான்தான் ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தேன். பளபளவென்று படம் ஒட்டிய பலகை. மூன்றாம் நாள், கடலைப்பருப்பு அளவு ஜல்லித் துண்டு ஒன்று முன்சக்கரத்தில் பட்டது. பலகை அங்கேயே நின்றது, பிள்ளை மட்டும் முன்னால் போய் விழுந்தாள். முழங்கை சிராய்த்துவிட்டது. அழவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "எனக்கு வராது போல மாமா, விட்டுடு" என்றாள். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

கட்டிங் செக்‌ஷனுக்குப் புதிதாக வருகிற பையனிடம் மழுங்கின கத்தியைக் கொடுத்துவிட்டு, வெட்டு கோணலாகப் போனால் "உனக்குக் கை வரலை" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பையனும் அதை நம்பிவிடுவான். கற்றுக்கொள்கிறவருக்குக் கொடுக்கிற கருவி சரியாக இருக்க வேண்டும். தேர்ந்த கை மோசமான கத்தியையும் சமாளித்துக்கொள்ளும், புதுக் கையால் முடியாது. விழுந்தது பிள்ளையாலா, பலகையாலா என்று அவளுக்கே தெரியாமல் போய்விடக் கூடாது என்று தோன்றியது. அந்தப் பலகையை மூலையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பாகமாக வாங்கி நாமே ஒன்று சேர்ப்போம் என்றேன்.

சக்கரத்தில் தொடங்கினோம். கம்பெனி லேபில் இருக்கிற ஹார்ட்னெஸ் மீட்டரை அந்தப் பழைய சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன். முள் கடைசிக் கோட்டையே தொட்டுவிட்டது. சோலின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் பார்க்கிறோம் இல்லையா, ஸ்கேட்போர்டு சக்கரத்துக்கும் அதே அளவுதான். நடக்கிற ஷூவின் ரப்பர் சோல் 60, 65 வாக்கில் இருக்கும். வழவழப்பான மைதானத்தில் வித்தை காட்டுகிறவர்கள் 99, 101 என்று கெட்டியான சக்கரம் போடுவார்கள். நம் ஊர் சிமென்ட் ரோடுக்கும் பெயர்ந்த தாருக்கும் 78 முதல் 87 வரை உள்ளதுதான் சரி. கல்லை விழுங்கிக்கொண்டு போகும். அமெரிக்காவிலேயே முதலில் இரும்பிலும் களிமண்ணிலும் செய்த சக்கரங்கள்தான் இருந்தன. ஒரு சிறு கல் போதும், ஆளைத் தூக்கி எறிந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த விளையாட்டுக்கே புது உயிர் வந்தது. நாங்கள் சோல் ஊற்றுகிற அதே பி.யு. குடும்பம்தான். என் அக்கா மகள் ஐம்பது வருடத்துக்கு முந்தைய விழுதலை விழுந்திருக்கிறாள்.

78ஏ, 56 மில்லிமீட்டர் விட்டம் உள்ள சக்கரம் நான்கு வரவழைத்தோம்.

பேரிங்குக்கு எங்கேயும் போகவே வேண்டாம். உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். 608 என்று சொன்னால் வேலூரில் பேரிங் கடைக்காரர் நிமிராமலேயே எடுத்துப் போடுவார், சின்ன மோட்டார்களில் போடுவது அதுதான். சக்கரத்துக்கு இரண்டாக எட்டு. ஏபெக் 7, ஏபெக் 9 என்று எண்ணைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அந்தத் துல்லியம் அதிவேகமாகச் சுற்றும் இயந்திரங்களுக்கானது, பிள்ளை தள்ளுகிற வேகம் அதன் பக்கத்தில்கூடப் போகாது. புழுதி போகாமல் ரப்பர் மூடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினேன்.

டிரக் என்பது சக்கரத்தைப் பலகையோடு சேர்க்கிற உலோகப் பாகம். அதன் அச்சு பலகையின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் போதும். அதைவிட முக்கியம் உள்ளே இருக்கிற ரப்பர் மாதிரியான புஷ். உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்புவது அது அமுங்குவதால்தான். டிரக்கோடு சேர்ந்து வருகிற புஷ் பெரியவர்கள் எடைக்கு இருக்கும். முப்பத்தைந்து கிலோ பிள்ளை எவ்வளவு சாய்ந்தாலும் அசையாது. இதையும் "எனக்குத் திரும்ப வரலை" என்றுதான் அவள் புரிந்துகொள்வாள். மெத்தென்ற புஷ் தனியாக வாங்கி மாற்றினேன்.

ஆனால் பெரிய சக்கரமும் இளகின டிரக்கும் சேர்ந்தால் ஒரு ஆபத்து உண்டு. நன்றாகச் சாயும்போது சக்கரம் பலகையின் அடியில் உரசி, சடாரென்று நின்றுவிடும். பழைய கதையே திரும்பவும் நடக்கும். அதற்கு டிரக்குக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு அட்டை கொடுக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் சோல் ஷீட்டில் இரண்டு துண்டு வெட்டி, நான்கு நான்கு துளை போட்டேன். பலகையில் இதைப் போல என் கை வேலை என்று சொல்ல வேறெதுவும் இல்லை. உயரம் கூடியதால் ஒரு அங்குல போல்ட் எட்டவில்லை, அதைவிட அரைக்கால் அங்குலம் நீளமானது தேடி வாங்கினோம்.

பலகை ஏழு அடுக்கு மேப்பிள் மரம். ஐந்து அடுக்கில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடும், இரண்டில் குறுக்கே ஓடும். குறுக்கே வைப்பது முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. தோல் வெட்டுகிறவருக்கு இது புதுசு இல்லை. தோலும் ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் இழுக்காது. குதிகாலிலிருந்து விரல் வரை இழுக்காத பக்கம் வருகிற மாதிரி ஷூவின் மேல்பாகமான அப்பரை வெட்டாவிட்டால் ஷூ ஒரு மாதத்தில் தொளதொளத்துவிடும். பிளாஸ்டிக் வருவதற்கு முன் ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற அச்சான லாஸ்ட்டையும் மேப்பிளில்தான் கடைந்தார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அதைவிடப் பலகையின் அடியில் என்ன படம் வரும் என்பதுதான் பெரிசு. சின்னக் கால், ஏழரை அங்குல அகலம் போதும் என்று முடிவானது. படம் அவள் தேர்வு.

மேலே ஒட்டுகிற கிரிப் டேப்பைக் கையில் எடுத்ததும் எனக்கு டேனரி ஞாபகம் வந்தது. அது பசை தடவிய உப்புத்தாள், அவ்வளவுதான். பஃப்பிங் மெஷினில் அதே மாதிரித் தாள்தான் உருளையில் சுற்றியிருக்கும். தோலின் சதைப்பக்கம் அதில் உரசிப் போய், பூனை முதுகு மாதிரி புசுபுசுவென்று வெளியே வரும். அதுதான் ஸ்வேட். விரலால் ஒரு பக்கம் தடவினால் நிறம் கருக்கும், திருப்பித் தடவினால் வெளுக்கும்.

ஸ்கேட்டிங் ஷூவுக்கு ஸ்வேட்தான் நிற்கும். 1966இல் கலிபோர்னியாவில் தொடங்கிய வான்ஸ் கம்பெனியின் கித்தான் ஷூக்களைத்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொண்டார்கள். துணி கிழிந்துகொண்டே இருந்தது. 1977இல் வந்த ஓல்டு ஸ்கூல் மாடலில் தேய்கிற இடங்களில் தோல் வைத்துத் தைத்தார்கள். பலகையோடு மேலே எம்பும்போது முன்காலின் சுண்டுவிரல் பக்கம் அந்த உப்புத்தாளில் இழுபடும். உப்புத்தாளில் பிறந்த தோல், கடைசியில் உப்புத்தாளிலேயே தேய்ந்து போகிறது.

கடையில் கிடைப்பது வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்று சொன்னேன். அப்போது ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மாமல்லபுரத்துக் கமலி. ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் உலகத்துக்கே எடுத்துக் காட்டிய அந்தப் படம்: பாவாடைச் சட்டை மாதிரி ஒரு கவுன், வெறுங்கால், சறுக்கில் இறங்குகிற சின்னப் பெண். அவளைப் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' குறும்படம் 2020 பாஃப்டா பரிந்துரைக்குப் போனது. அந்த வருடம் பரிசு வாங்கிய படமும் காபூலில் ஸ்கேட்போர்டு கற்கும் சிறுமிகளைப் பற்றியது.

"இவ வெறுங்கால்லதான ஓட்டுறா? எனக்கு மட்டும் எதுக்கு மாமா ஷூ?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. உலகத்துக் காலுக்கெல்லாம் ஷூ தைக்கிற ஊரில் இருந்துகொண்டு அந்த வெறுங்காலைப் பார்க்கும்போது தொண்டை அடைத்தது. "வெறுங்கால்ல உருளலாம் கண்ணு. எம்பிக் குதிக்க ஆரம்பிச்சா விரல் போயிடும்" என்றேன்.

ஊருக்கு வெளியே நெல் காயப்போடுகிற களம் ஒன்று இருக்கிறது. அறுப்பு இல்லாத மாதங்களில் காலி. சிமென்ட் கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் 78ஏ சக்கரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போன முதல் நாள், அதே மாதிரி ஒரு ஜல்லி சக்கரத்தடியில் போனது. கடக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பலகை போய்க்கொண்டே இருந்தது.

ஆறாவது வாரம் இடது ஷூவைக் கழற்றி என் மடியில் போட்டாள். சுண்டுவிரலுக்கு மேலே ஸ்வேட் வழுக்கையாகி, நடுவில் பொத்தல். துண்டுத் தோல் ஒன்றை ஓரம் சீவி, பசை வைத்து ஒட்டினேன். தட்டிக் கொடுப்பதற்குள் அவள் சொன்னாள்:

"இதே மாதிரி நாலு அஞ்சு வெட்டி வச்சிடு மாமா. அடுத்த வாரமும் வேணும்."