ரயிலுக்கு முன்பே எழுந்த ரயில் பாலம்

மைசூரிலிருந்து ஊட்டி சாலையில் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போனால் நஞ்சன்கூடு. ஊரை எட்டும் முன் கபினி ஆறு குறுக்கிடுகிறது. வயநாட்டில் பிறந்து திருமகூடலில் காவிரியோடு கலந்து மேட்டூருக்கு வரும் அதே நீர்தான். சாமராஜநகர் பாசஞ்சர் புதிய பாலத்தில் கடந்துபோகிறது. அதற்குப் பக்கத்தில், ரயில் ஓடாமல் நிற்கும் பழைய பாலத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

கரையில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் வரிசையாக வளைவுகள். கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சில இடங்களில் காரை உதிர்ந்த இடுக்கில் அரசங்கன்றுகள் வேர்விட்டிருக்கின்றன. அதைப் பார்க்கத்தான் மனம் கேட்கவில்லை.

இந்தியாவின் மிகப் பழைய ரயில் பாலம் என்று இதைச் சொல்கிறார்கள். ஆனால் இது கட்டப்பட்ட 1735இல் நீராவி ரயில் உலகில் எங்குமே கிடையாது. இங்கிலாந்தின் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை 1825இல் வந்தது. பம்பாய்–தாணே ரயில் 1853இல். மைசூர் அரசின் தளவாய் தேவராஜையா இதைக் கட்டியது நடப்பவர்களுக்கும் வண்டிகளுக்கும்தான்.

156 ஆண்டுகள் கழித்து, சாமராஜேந்திர உடையார் காலத்தில், 1891இல் மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டுக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது. ஆற்றைக் கடக்க இந்தப் பாலமே போதும் என்று மேலேயே தண்டவாளத்தைப் போட்டார்கள். அந்தத் துணிச்சலை நினைத்து வெகுநேரம் நின்றேன். வளைவின் வித்தை எளிமையானது. மேலே ஏறும் பாரம் கல்லைக் கல்லோடு அழுத்தி, தூண் வழியே தரைக்கு இறங்கிவிடும். இழுத்தால் பிளக்கும் கல், அழுத்தினால் அசையாது. மாட்டு வண்டிக்காகக் கட்டிய வளைவு என்ஜினையும் தாங்கியது.

பாலத்தில் சாலையும் உண்டு. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், சிறுவயதில் ரயிலுக்குப் பக்கத்திலேயே நடந்து கடந்ததைக் கன்னடத்தில் சொன்னார். நஞ்சன்கூடு கோயிலின் ஸ்ரீகண்டேஸ்வரர் தேருக்குக் கூட்டம் நெரியும், ஊர் ரசபாளே வாழைப்பழம் தார் தாராக ஏறும் என்றார்.

பாதை 1926இல் சாமராஜநகர் வரை நீண்டது. அங்கிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்தோடு இணைக்கும் திட்டம் பல காலமாகப் பேசப்பட்டும் காட்டைத் தாண்டவில்லை. புலியும் யானையும் வாழும் காடு அது. தாண்டாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். இன்றும் சாமராஜநகர்தான் கடைசி ஸ்டேஷன்.

2000களில் இந்தப் பாதை அகலப்பாதையானது. 1,000 மில்லிமீட்டர் இடைவெளி 1,676 ஆனது. ரயில் பக்கத்துப் புதுப் பாலத்துக்கு மாறியது. பழையது இடிந்ததாலோ ஆட்டம் கண்டதாலோ ஓய்வு பெறவில்லை. தண்டவாளத்தின் அகலம்தான் அதை ஒதுக்கியது. பாரம்பரியச் சின்னமாக அறிவித்தும் இருக்கிறார்கள்.

அறிவிப்பு மட்டும் போதாது. இடுக்கில் முளைத்த கன்றுகளை வேரோடு எடுத்து, சிமென்ட் பூசாமல் சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்க வேண்டும். கட்டிய ஆண்டும் தண்டவாளம் வந்த ஆண்டும் எழுதிய பலகை ஒன்று வேண்டும். ஊட்டியிலிருந்து கூடலூர், பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறவர்களே, நீங்கள் இந்த ஆற்றைக் கடந்துதான் போகிறீர்கள். அடுத்த முறை கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தி, இந்தப் பாலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.