புரிந்தது என்றோம்

மனிதனின் வாயிலிருந்து மிக எளிதாக வெளிவரும் பொய் எது என்று நம்மைக் கேட்டால், ‘புரிந்தது’ என்னும் சொல்லே என்போம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் சொல்கிறோம். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் சொல்கிறோம். மருத்துவரின் மேசைக்கு முன்னே அமர்ந்து தலையை ஆட்டியபடி சொல்கிறோம். முதல் இரண்டு இடங்களில் அந்தப் பொய்யால் மதிப்பெண் குறையலாம், ஏச்சு விழலாம். மூன்றாம் இடத்தில் உயிரே போகலாம். அப்படிப் போகவிருந்த ஓர் உயிரின் கதையை, அதில் நமக்கிருந்த பங்கை மறைக்காமல், இங்கே எழுதத் துணிகிறோம்.

திருச்சிராப்பள்ளி பாலக்கரையில் நம் சாச்சி வசிக்கிறார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனாலும் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். குர்ஆனைத் தடையின்றி ஓதுவார்கள். குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரின் பிறந்த நாளையும் பிறை கணக்கோடு மனத்தில் வைத்திருப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. சில ஆண்டுகளுக்கு முன், ரமளானுக்கு ஒரு மாதம் இருக்கையில், சர்க்கரை கட்டுக்கு அடங்கவில்லை என்று ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அந்தி நேரம். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். மருத்துவர் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், மாத்திரையை மாற்றினார், “காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன். புரிந்ததா?” என்றார். சாச்சி நம் முகத்தைப் பார்த்தார்கள். “புரிந்தது” என்று நாம் சொன்னோம். அதோடு அடுத்தவர் பெயரை அழைத்துவிட்டார்கள்.

ரமளான் பிறந்தது. ஒன்பதாம் நோன்பு. அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு சாச்சியின் வீட்டுக்குப் போனோம். அவர்கள் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார்கள். முகமெல்லாம் வியர்வை, கைகளில் நடுக்கம், பேச்சு குழறியது. “நோன்புக் களைப்புதான், இன்னும் ஒரு மணி நேரம்தானே” என்றார்கள் வீட்டார். சாச்சியும் தண்ணீரை மறுத்துக் கையை அசைத்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பியது. பக்கத்து வீட்டு அம்மையார் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்ற ஓடி வந்தார்; மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று யாரோ தடுத்தது இறைவன் செய்த உதவி. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம்.

இரத்தத்தில் சர்க்கரை 38 என்றார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் சாச்சி கண் விழித்து, “மஃரிப் ஆயிடுச்சா?” என்று கேட்டார்கள். நம் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பணியிலிருந்த இளம் மருத்துவர், “அம்மா, மாத்திரையை எப்படிப் போட்டீர்கள்?” என்றார். சாச்சி தயங்காமல் விடை சொன்னார்கள்: “இரவில் ஒன்று, காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னே போடச் சொன்னாங்க. சஹர் வேளை இரவும்தான், விடிஞ்சா காலையும்தான். பகல்லே நோன்பு. அதனாலே சஹர் சாப்பாட்டுக்கு முன்னே ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டேன்.”

அந்த விடையில் எங்கே பிழை? சொல்லப்பட்ட சொற்களைக் கொண்டு எவ்வளவு ஒழுங்காக அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! அந்த மாத்திரையோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை. வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இரண்டு வேளை மருந்து ஒரே வேளையில் உள்ளே போக, பகல் முழுதும் வயிறு காலியாயிருக்க, சர்க்கரை இறங்கிக்கொண்டே போயிற்று. நோன்பு வைப்பீர்களா என்று மருத்துவர் கேட்கவில்லை. வைப்போம் என்று நாம் சொல்லவில்லை. சாச்சி நம் முகத்தைப் பார்த்தபோது, அவர்களுக்காகப் புரிந்துகொண்டது போல நடித்தது நாம்தாம்.

மறுநாள் நம்முடைய கல்லூரித் தோழர் ஒருவர் செய்தி கேட்டு வந்தார். திருவரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் இருப்பவர். ஓய்வு பெற்ற ஆசிரியர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் சேவித்துவிட்டு வந்த என் தாயார், உபவாசத்தில் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தார்கள். இப்போது எங்கள் தெருவில் ஓர் அம்மாள் பாடம் நடத்துகிறார். வந்து பாருங்கள்” என்றார்.

பெருநாள் கழிந்த வாரம் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றோம். தோழர் சொன்ன அம்மாள் ஓய்வு பெற்ற செவிலியர். தோழரின் தாயார் எதிரில் தரையில் அமர்ந்து, மாத்திரைகளை ஒரு தட்டில் பரப்பி, எது எப்போது என்று மெல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர், “புரிந்ததா?” என்று கேட்கவில்லை. “பாட்டி, அடுத்த ஏகாதசிக்கு நீங்கள் என்ன பண்ணுவேள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கோ” என்றார். மூதாட்டி சொன்னார், பாதி சரி, பாதி தவறு. செவிலியர் முகம் கோணவில்லை. “நான்தான் சரியாச் சொல்லலை. மறுபடியும் சொல்றேன்” என்று தொடங்கினார். மூன்றாம் முறை மூதாட்டி தவறின்றிச் சொன்னார். மொத்தம் ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பும் வழியில் நத்ஹர் வலி தர்காவுக்கு அருகே நாம் சிறுவயதில் ஓதிய மக்தப் நினைவுக்கு வந்தது. அங்கே ஹஜ்ரத் ஒரு நாளும், “புரிந்ததா?” என்று கேட்டதில்லை. தாம் ஓதிக் காட்டுவார். நாம் திருப்பி ஓத வேண்டும். ஓர் எழுத்தின் உச்சரிப்புப் பிசகினாலும் மீண்டும் ஓதிக் காட்டுவார். ஒப்பிக்காத பாடத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் புரட்ட விடமாட்டார். இறைவேதத்தின் ஓர் எழுத்தும் சிதையாமல் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்குச் சென்றது இந்த முறையால் அன்றோ! எழுத்துக்கு அத்தனை காவல் வைத்த நாம், உயிர் காக்கும் சொல்லுக்கு ஏன் வைக்கவில்லை?

இது நம் ஒரு குடும்பத்தின் குறையன்று. சர்க்கரை நோயாளரும் ரமளானும் பற்றி 2001இல் 13 நாடுகளில் 12,243 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2004இல் அதனை வெளியிட்டார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளரில் 100க்கு 79 பேர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தார்கள். அவர்களிடையே கடுமையான சர்க்கரைத் தாழ்வு, மற்ற மாதங்களைவிட ரமளானில் ஏழரை மடங்கு மிகுந்திருந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உண்டு என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறிற்று. இவர்களில் நோன்பாளிகள் எத்தனை வீடுகளில் இருப்பார்கள் என்பதை வாசகர்கள் தம் தெருவை வைத்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மருத்துவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் சர்க்கரை நோயாளர் 74 பேர் மருத்துவரிடம் பேசியதைப் பதிவு செய்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன செய்திகளில் 100க்கு 12ஐ மட்டுமே நோயாளி விளங்கிக்கொண்டாரா என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்திருந்தார்கள். வசதி மிகுந்த நாட்டிலேயே அந்த நிலை. அப்படித் திருப்பிக் கேட்ட மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை நன்கு கட்டுப்பட்டிருந்ததையும் அதே ஆய்வு கண்டது.

ஏழை நாட்டில் இது நடக்குமா என்று ஐயுறுவோர் பங்களாதேஷைப் பார்க்கட்டும். பேதியால் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த அந்நாட்டில், 1980 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இதுதான் மருந்து. அதனைத் தாய்மார்களைக் கொண்டே கலக்கச் செய்து கற்பித்தார்கள். பின்னர் வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, அந்தத் தாய் என்ன நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதிப்பார். அவள் சொல்லும் விடையைப் பொறுத்தே கற்பித்த ஊழியருக்கு ஊதியம்! ஊழியர் எத்தனை பேச்சுப் பேசினார் என்று யாரும் எண்ணவில்லை. அவ்வாறு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகளில் அந்தப் பாடம் நுழைந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களே அவர்களில் பெரும்பாலோர்.

மொழியும் ஒரு தடையே. சாச்சியின் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை நாம் பின்னர் விரித்துப் பார்த்தோம். எறும்பு வரிசை போன்ற ஆங்கில எழுத்துகள். மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாதா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், தாம் தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் முழு மருத்துவப் படிப்பையே தாங்கிய மொழி, ஒரு மாத்திரைத் தாளைத் தாங்காதா?

நம் சமுதாயம் செய்யக் கூடியவை பெரிய செலவு பிடிப்பன அல்ல. சர்க்கரை நோயாளர் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. சிலருக்கு நோன்பே ஆகாது என்று மருத்துவர் சொல்வார். அதையும் ஏற்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நாம் அறிவோம். நலமானபின் நோற்கலாம், அதற்கும் இயலாத நிலையில் ஃபித்யா கொடுக்கலாம். விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்ப்பதால் நோன்பு முறியாது என்றும் உலமாக்கள் பலர் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஷஃபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்கினால் போதும். பெண்கள் மதரஸாவில் ஒரு செவிலியரை அழைத்து, சொல்லச் சொல்லித் திருப்பிக் கேட்கலாம்.

இன்னொன்று. ரமளான் வந்தால் கடைக்காரர்கள் அச்சிட்டு வழங்கும் நோன்புக் கால அட்டவணை இல்லாத வீடு நம்மிடையே உண்டா? சஹர் முடிவும் இஃப்தார் நேரமும் அதில் இருக்கின்றன. அதன் அடியில் இரண்டு வரி சேர்த்து அச்சிடலாமே! ‘சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேலே ஏறினாலும், அந்த நோன்பை உடனே விட்டுவிடுங்கள். வியர்வை, நடுக்கம், குழறல் கண்டால் நேரத்தைப் பார்க்காதீர்கள்.’ ஒரு மாதம் முழுதும் ஒவ்வொரு கண்ணும் ஒருநாளைக்கு இருமுறை பார்க்கும் தாள் அது. அதைவிடச் சிறந்த விளம்பரப் பலகை எங்கே கிடைக்கும்?

சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. நல்ல ஏற்பாடு. வாசல் வரை வந்த மாத்திரை, உரிய வேளையில் உரிய அளவில் வாய்க்குப் போய்ச் சேருவது வீட்டிலிருப்போர் பொறுப்பு.

சாச்சியின் கதையை முடித்துவிடுகிறோம். மறு ஆண்டு ரஜபு மாதத்திலேயே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நோன்பு வைக்கும் எண்ணத்தை முதற்சொல்லாகச் சொன்னோம். அவர் நிறைய யோசித்து மாத்திரையை மாற்றினார், சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கச் சொன்னார், அதன்பேரில் இசைந்தார். “புரிந்ததா?” என்றபோது நாம் வாயைத் திறக்கவில்லை. “சாச்சி, டாக்டர்கிட்ட ஒருதடவை சொல்லிக் காட்டுங்க” என்றோம். “பாடம் ஒப்பிக்கச் சொல்றியா, ஹஜ்ரத் மாதிரி?” என்று சிரித்தவாறே ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஓரிடத்தில் தவறினார்கள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் சொன்னார்.

அந்த ரமளானின் பதினேழாம் நாள், மாலை 4 மணி சுமாருக்குச் சாச்சி தாமே விரலில் குத்திப் பார்த்தார்கள். 64. யாரையும் கூப்பிடவில்லை, நேரத்தையும் பார்க்கவில்லை. பிஸ்மி சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து, மூன்று பேரீச்சம்பழம் தின்று, கால் மணி கழித்து மறுபடியும் பார்த்திருக்கிறார்கள். நாம் போனபோது எழுந்து நின்று கஞ்சிப் பாத்திரத்தை வாங்கி வைத்தவர்கள், “இன்னைக்கு ஒண்ணு போச்சு, தம்பி. களா வச்சுக்கிறேன்” என்றார்கள்.

விட்ட நோன்பைப் பின்னர் நோற்றுவிடலாம். அதற்கு ஆள் இருக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவர், “புரிந்ததா?” என்று கேட்கும்போது, நம் வீட்டுப் பெரியவர்களுக்காக நாம் தலையாட்டாதிருக்க வல்ல இறைவன் அருள்வானாக!